அவளைக் கேட்டு வந்த அழைப்புகள்

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் வயதானவர்களுக்கு, அரசாங்கக் காப்புறுதிக்கு மேலதிகமான தனியார் பராமரிப்புக் காப்புறுதி விற்பது என் வேலை. கார்க் காப்புறுதியை மாற்ற நவம்பர்தான் கடைசி மாதம் என்பதால் அப்போது சனம் தானாக ஓடிவரும். எனக்கு அப்படி ஒரு மாதம் இல்லை. ஆண்டு முழுவதும் மாடி மாடியாக ஏற வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி சேர்ந்தாள். இங்கேயே பிறந்த, யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனின் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். சில மாதங்களிலேயே தொலைபேசியை நான் எடுத்தால் எங்கள் தமிழ் வாடிக்கையாளர்கள், "அந்தத் தங்கச்சி நிக்கிறாவோ? இல்லையோ? சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடத் தொடங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் போட்டுவரும் சப்பாத்தைப் பார்த்தால்கூட எரிந்தது.

தனியாக இருந்த ஒரு அன்ரியிடம் இரண்டு வருடமாக நடந்தேன். குசினியில் இருத்தித் தேத்தண்ணி தருவா, கையெழுத்து வைக்கமாட்டா. ஒருநாள் போனபோது, "அந்தப் பிள்ளை வந்து எல்லாம் செய்து தந்திட்டா" என்றா.

அன்ரிக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு; மேசையில் கிடந்த மருந்துகளை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதை மறைத்து விண்ணப்பித்தால் பிறகு காப்புறுதி செல்லாது. அவள் மறைத்துத்தான் விற்றிருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு சந்தோசம்.

"கடதாசியளை ஒருக்காப் பாக்கலாமோ அன்ரி?"

தந்தா. அதில் ஒப்பந்தமே இல்லை. அரசாங்கக் காப்புறுதியிடம் பராமரிப்பு உதவி கேட்கும் அன்ட்ராக், விண்ணப்பம் ஒன்றின் பிரதிதான் இருந்தது.

"உங்கட வருத்தத்துக்குக் கொம்பனி எடுக்காது, வீணாக் கையெழுத்து வைக்காதேங்கோ எண்டு சொன்னவ. பிறகு இருந்து இதை நிரப்பி அனுப்பினவ."

சட்டைப் பொத்தானைப் பூட்ட அன்ரி படும் பாட்டை நானும் அதே குசினியில் இருந்து பார்த்தவள்தான். எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் கூடியது. அடுத்த நாள் காலை மேலதிகாரியிடம் போய், வாங்க முடியாதவர்களோடு அவள் வேலை நேரத்தை வீணாக்குகிறாள் என்று சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். வெளியே வந்தவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்." பொய் சொல்ல வரவில்லை.

"என்னட்டையே கேட்டிருக்கலாம்."

அவள் குரல் உயரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். அந்த மாத முடிவில் அவள் வேலையை விட்டாள். முதியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிலையம் ஒன்றில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

சில நாட்களில் அன்ரி அழைத்தா. "அந்த அன்ட்ராக்குக்காக என்ரை நிலைமையைப் பாக்க ஆள் வருகினமாம். அந்தப் பிள்ளையைக் கேட்டால் இப்ப அங்கை இல்லையாம். நீங்கள் வாறீங்களோ?"

போனேன். வந்த ஜெர்மன் பெண்மணி, தனியாகக் குளிக்க முடியுமா, உடுக்க முடியுமா என்று கேட்டாள். பிற ஆளுக்கு முன்னால் இயலாதென்று சொல்ல அன்ரிக்கு மனமில்லை. எல்லாம் முடியும் என்று தலையாட்டினா. நான் குறுக்கிட்டு, "அன்ரி, இந்தப் பொத்தானை ஒருக்காப் பூட்டிக் காட்டுங்கோ" என்றேன். அன்ரியின் விரல்கள் நெடுநேரம் தடுமாறின. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்து குறித்துக்கொண்டாள்.

உதவி கிடைத்தது. இப்போது கிழமைக்கு மூன்று நாள் குளிப்பாட்ட ஆள் வருகிறது. கடிதம் வந்த அன்று அன்ரி என் கையைப் பிடித்து அழுதா. பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, சந்தோசப்படுவா" என்றா.

"ஓம் அன்ரி" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.