வாடகை வீட்டுப் பெரியம்மா

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். பிலோமி அக்கா இறந்த அன்று மாலையிலிருந்து, மகள் அங்கே படிப்பதால் நானும் சேர்ந்திருக்கும், விசாகப்பட்டினத்தில் வாழும் தூத்துக்குடிக்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் அஞ்சலிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'தாயுள்ளம்' என்கிறார் ஒருவர். 'சமூக சேவகி' என்கிறார் சங்கச் செயலாளர். அந்த அக்காவைப் 'புரோக்கர்' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் இதே செயலாளர்தான். அவரை வெளியேற்றியதும் இதே குழுதான். அக்காவை உண்மையாகவே அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

செய்தியைச் சொன்னது என் மகள். கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அழுகைக்கு நடுவே, "அப்பா, பெரியம்மா போயிட்டாங்க" என்றாள். சாத்தான்குளத்தில் இருக்கும் என் மனைவியின் அக்காதான் முதலில் நினைவுக்கு வந்தார். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். கடந்த மூன்று வருடங்களாக என் மகளின் வாயில் அந்தச் சொல் வேறொருவருக்கு உரியது. பிலோமி அக்கா உறவினர் வீட்டு ஞானஸ்நானத்துக்குத் தூத்துக்குடி வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்தவர். கணவர் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகின் மாலுமியாக இருந்தார். கணவர் இறந்த பிறகும் அக்கா ஊர் திரும்பவில்லை. நம் பக்கத்திலிருந்து அந்த ஊருக்குப் படிக்கப் போய், விடுதியில் இடம் கிடைக்காமல் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தது அவ்வளவுதான். மொழி தெரியாத ஊரில், பதினெட்டு வயது மகளோடு 'டு லெட்' பலகைகளுக்குக் கீழே நின்றவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

என் மகளுக்குக் கப்பல் கட்டுமானப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள், வேறு எதையும் படிக்க மாட்டேன் என்றாள். விடுதியில் வெளி மாநிலத்தாருக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். என் மனைவி ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தாள். "பத்திரமான வீடு கெடைச்சா இருக்கட்டும். இல்லைன்னா பிள்ளைய இங்கன கூட்டிட்டு வந்து உங்க காலேஜ்லயே சேத்துருங்க." எங்கள் கல்லூரியில் கப்பல் கிடையாது. வேதியியல் உண்டு. என் துறை. நான் பதினைந்து வருடம் உழைத்தும் தலைமைப் பதவி தராமல் என்னைவிட இளையவருக்குக் கொடுத்த துறை. அங்கே என் மகளும் வந்து உட்காரக் கூடாது என்று அவளோடு ரயிலேறினேன்.

முதலில் செயலாளரைப் பார்க்கப் போனோம். கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்துகிறவர். குளிரூட்டிய அறையில் தேநீர் தந்தார். ஊர்ப் பெருமை பேசினார். வீட்டைப் பற்றிக் கேட்டதும், "இப்ப எல்லாம் ஆன்லைன்லயே இருக்கே சார்" என்றார். எழுந்து வரும்போது, "பிலோமின்னு ஒரு பொம்பள வரும். புரோக்கர். பாத்து இருந்துக்கோங்க" என்று எச்சரிக்கையும் தந்தார். எங்களுக்கு அவர் தந்த ஒரே உருப்படியான தகவல் அதுதான். அக்காவின் பெயரையே நாங்கள் அங்குதான் முதலில் கேட்டோம்.

அவரைத் தேடாமல் நாங்களே அலைந்தோம். குடும்பமா, பெண்கள் மட்டுமா, எந்தப் பக்கத்து ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று எல்லா வாசலிலும் ஒரே கேள்விகள். கடைசியில் கல்லூரியின் பின்வாசலை ஒட்டி ஒரு நல்ல மாடிவீடு அமைந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீடு. சுத்த சைவம். அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில், நாங்களும் சைவம்தான் என்றேன். நாசரேத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் எங்கள் வீட்டில் ஆராதனை முடிந்ததாகவே கணக்கில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையைக் கவனிக்காததுபோல இருந்தேன். அவளோடு தங்க, கல்லூரி அலுவலகத்தில் சந்தித்த இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை. குடும்பத்துப் பெரிய பெண்மணி ஒருவர் வந்து பேச வேண்டும், அதன் பிறகுதான் சாவி.

என் மனைவி வருவதற்குள் வாரம் முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் பிலோமி அக்காவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அடுத்த நாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுப்போன்ற வெள்ளைச் சேலை, கறுப்புக் கண்ணாடி, உரத்த குரல். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரரிடம் தெலுங்கில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். வீட்டுக்காரர் மேசைமேல் வைத்திருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னீங்க?"

"பிள்ளைங்க மீன் திங்கும்னேன்."

"நான் சைவம்னு சொல்லியிருந்தேனே."

"அதான் கெட்டுச்சு. வாத்தியாரே, நீரு சொல்லிட்டு ரயிலேறிப் போயிருவீரு. இவ நாலு வருசம் மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கணும். ஊர்ல இருந்து ஒரு மாசிக் கருவாட்டுத் துண்டு கொண்டாந்தாலும் பெட்டிக்குள்ள ஒளிக்கணும். ஒளிச்சித் திங்கிற வீடு வீடாவே?"

அன்று எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. வெளிச்சமும் தண்ணீரும் உள்ள வீடு. நடந்தால் வகுப்பு. இப்போதும் சொல்கிறேன், அந்த வீட்டை விட்டிருக்கக் கூடாது. நாலு வருடம் மீன் தின்னாமல் யாரும் செத்துப்போவதில்லை. இதை அவர் உயிரோடு இருந்தபோதே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளவில்லை.

மகள் நடுத்தெருவில் அழ ஆரம்பித்திருந்தாள். "ஏளா, கண்ணத் தொடச்சிக்கோ. ஒனக்கு வீடு பாத்துட்டுத்தான் நான் காபி குடிப்பேன்" என்றார் அக்கா. நான் நம்பவில்லை. ஊர் திரும்ப ரயிலில் இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

சாயங்காலம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். மேலே இரண்டு அறை. வீட்டுக்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தார். பெண்கள் தனியாகத் தங்க விடமாட்டேன், போன வருடத்துப் பெண்களால் பட்டது போதும் என்றார். அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து அவர் சொன்னது எனக்கே புரிந்தது; பெரியம்மாவைத்தான் தெலுங்கில் பெத்தம்மா என்பார்கள். "நான் இவளுக்குப் பெத்தம்மா. மூணு பேருக்கும் பெத்தம்மாதான். நானும் தங்குதேன்."

சாவி வந்தது. இந்த முறை நான்தான் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். காலையில் நடந்ததை நான் மறக்கவில்லை.

"அக்கா, மீனுக்கு மட்டும் உண்மை வேணும், உறவுக்குப் பொய் சொல்லலாமோ?"

"எது பொய்யி?"

"நீங்க என் மகளுக்குப் பெரியம்மாவா?"

"ஆமா. இப்பத்தான் சொன்னேம்லா. நீரு சைவம்னு சொன்னீரு, சைவமா இருக்கப் போறீரா? நான் பெரியம்மைன்னு சொன்னேன், இருக்கப் போறேன். சொன்னபடி இருந்தா அது என்னத்துல பொய்யி?"

நான் வீட்டுக்காரம்மாவிடம் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அவர் உண்மையாகவே தங்கினார். ஒரு பாய், ஒரு பை, ஒரு மண்சட்டியோடு மறுநாள் காலையில் வந்துவிட்டார். புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அக்கா காலையில் பால் காய்ச்சி ஜெபம் சொன்னார். மத்தியானமே ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்தார். "பால் சாமிக்கு, மீன் வீட்டுக்காரிக்கு. முதல் நாளே வாசம் போயிரணும். அப்புறம் பேச்சே இல்ல" என்றார். ஒரு கிண்ணத்தில் குழம்பு கீழே போனது. நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரம்மா கிண்ணத்தோடு மேலே ஏறி வந்தார். புளி போதாது என்றார். இருவரும் அடுப்படிக்குள் போய் அதைப் பற்றி வெகுநேரம் சண்டை போட்டார்கள். அன்றிரவே மனைவியைக் கூப்பிட்டு, "வீடு கிடைத்துவிட்டது, நான் தனியாகத் திரும்பி வருகிறேன்" என்று சொன்னேன். ஜன்னல் ஓரமாக நின்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா பத்து நாளைப்போல இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். எல்லா வீட்டிலும் அவர் முறை அதுதான் என்று பிறகு தெரிந்தது. போகும்போது வீட்டுக்காரம்மாவிடம், இவர்கள் தன் கூடப்பிறந்தவளின் பிள்ளைகள் அல்ல என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனாராம். வீட்டுக்காரம்மாவும், மூன்று பெண்களும் மூன்று சாடையில் இருக்கும்போதே தனக்குத் தெரியும் என்றாராம்.

இரண்டாம் வருடம் மகளுக்கு டெங்கு வந்தது. நாங்கள் ரயிலில் போய்ச் சேர்வதற்குள் அக்கா மருத்துவமனையில் அவளோடு இரண்டு இரவு கழித்திருந்தார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "சொந்தக்காரிக்கு என்னத்துக்கு நன்றி? அந்தப் பக்கம் நவுந்து உக்காரும், காத்து வரட்டும்" என்றார். என் மனைவி அன்று அவர் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

இனி 'புரோக்கர்' கதைக்கு வருகிறேன். அக்கா வாங்கிய கூலி எனக்குத் தெரியும். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் மாசி கேட்பார். சூரை மீனை அவித்துக் காயவைத்த அந்தக் கட்டைதான். அதை இடித்துச் சம்பல் செய்து பெண்களுக்கே திருப்பிக் கொடுப்பார். "அதுவும் ஒருவிதக் கமிஷன்தானே சார்" என்று செயலாளர் என்னிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

போன வருடம் ஏரலிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வீடு அமையாமல் திணறியபோது, அக்கா சங்கக் குழுவில் எல்லோரும் பார்க்கச் செயலாளருக்கு எழுதினார்: "உம்ம ஃப்ளாட் ஒண்ணு பூட்டித்தான கெடக்கு. பிள்ளைக்கு வாடகைக்கு விடும். நான் பெரியம்மையா இருந்துக்கிடுதேன்." அவர் கேட்டது தானம் அல்ல, வாடகைக்குத்தான் கேட்டார். அன்று மாலையே அக்காவின் எண் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. சங்கத்தின் கண்ணியம் காக்கப்பட்டதாக அறிவிப்பும் வந்தது. கட்டைவிரல் உயர்த்தியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும். அவர்கள்தான் இப்போது கூப்பிய கை போடுகிறார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்லிக் குமுறியபோது அவர் சிரித்தார். "ஒமக்குப் பெரிய பீரோ இருக்கு வாத்தியாரே, கோவத்தையெல்லாம் மடிச்சி மடிச்சி வைக்கீரு. எனக்குப் பாத்திரம் வைக்கவே எடம் இல்ல." ஏரல் பெண்ணுக்கு அதற்குள் வேறு வீடு பார்த்துவிட்டிருந்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கடற்கரை மாதா கோயிலில், கப்பலில் வேலை பார்க்கும் அவரது மகன் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து வந்த பெண்கள் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களை நகரச் சொல்லவில்லை. என் மகளும் நின்றாள். முதல் பிடி மண்ணை மகன் போட்டான். அடுத்தடுத்து இந்தப் பிள்ளைகள் போட்டார்கள். செயலாளரின் மாலை கூரியரில் வந்திருந்தது.

அன்று வீடு திரும்பும்போது மகள் சொன்னாள். "அப்பா, ஆறுமுகநேரியில இருந்து ரெண்டு பிள்ளைங்க அடுத்த வாரம் அங்க வாராங்க. உப்பளத்துல வேலை பாக்கவங்க பிள்ளைங்க. ஹாஸ்டல் இல்ல. பெரியம்மாதான் பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருந்தாங்க. அவங்க அப்பா நேத்து எனக்குப் போன் பண்ணி, வீடு இல்லைன்னா சேக்கவே மாட்டேங்காரு."

நான் பதில் சொல்வதற்குள், ஆட்டோவின் மறு ஓரத்திலிருந்து என் மனைவி கேட்டாள். "அங்க அம்மி கெடைக்குமா, இல்ல மிக்சிய எடுத்துட்டுப் போகணுமா?"

ஒரு வாரம் தவணை கொடுத்த அதே மனைவிதான்.

"நீ அவங்களுக்கு என்ன முறைன்னு சொல்லுவ?" என்றேன்.

"சித்தின்னு சொல்லுதேன். நீங்களும் வாரீங்கள்லா? அப்ப சித்தப்பா."

பிலோமி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பொறுமையும் அல்ல, மன்னிக்கும் குணமும் அல்ல. இரண்டும் எனக்கு வராது. அந்த மாடிவீட்டு வருத்தம் அப்படியே இருக்கிறது. செயலாளர் மேல் உள்ள கோபமும் பத்திரமாக இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது, அந்நியர் வாசலில் நின்று ஒரு பிள்ளைக்கு உறவு சொல்லும் துணிவு. சொன்ன பிறகு அப்படியே இருந்துவிடும் பிடிவாதமும்தான். அது எனக்கு வரும். பிடிவாதத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

இதன் கீழே என் பெயரைப் போட்டிருப்பேன். செயலாளருக்குப் பயப்படுகிறவன் அல்ல நான். ஆனால் அவர் அந்த ஊரில் இருக்கிறார், அவருக்குப் பல வீட்டுக்காரர்களைத் தெரியும். அந்தப் பெண்களுக்கு நான் சொந்தச் சித்தப்பா இல்லை என்பதை வீட்டுக்காரர்களிடம் நானே சொல்ல வேண்டும், அதுவும் பால் காய்ச்சி, மீன் வைத்து, பத்து நாள் தங்கிய பிறகு. அதற்கு முன்னால் இன்னொருவர் போய்ச் சொல்லக் கூடாது. சங்கத்தின் இணையப் பக்கத்தில் பெயர் தெரியாமல் எழுத வசதி இருக்கிறது. அதில் இடுகிறேன். புதன்கிழமை எங்களுக்கு ரயில்.