முன் சீட்டில் அரிசி மூட்டை

சிவப்பிரகாசத்தின் கைகள் முன்சக்கரத்துக்குப் பின்னால் கிரீஸில் முங்கியிருந்தன. கழற்றிய ஸ்பிரிங்கைச் சாக்கின்மேல் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். ஆரணி அரிசி ஆலைகளில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய கான்டெஸா காருக்கு முன்பக்கக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் செட் இரண்டு வரவழைத்திருந்தார். எதை வைத்துக்கொள்வது என்று முடிவாகவேண்டும்.

மனைவி பரிமளா, முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவாசியில் மகள் வீட்டில் இருக்கிறாள். "அந்த வண்டி குதிக்கிற குதியில நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இவர் காலையில் வைத்த குழம்பையே ராத்திரியும் ஊற்றிக்கொள்கிறார். எதிர்வீட்டில் இருக்கும் எனக்கு அங்கிருந்து ஸ்பேனர் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

முதல் செட்டில் ஸ்பிரிங் குட்டை, கெட்டி. பரிமளாவின் எடைக்கு அரிசி மூட்டைகளை முன் சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டு ஓட்டிவிட்டு வந்தார். மில்லிலேயே இருந்தவருக்கு எடை என்றால் மூட்டைதான்.

"பாத்தீங்களா சிஸ்டர்? அசையவே இல்ல."

"மூட்டைக்கு முதுகெலும்பு இக்குதா அண்ணே? எறக்கி வைங்க, நான் உக்கார்றேன்."

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதையே வேலையாகச் செய்தவள் நான். வந்தவாசி சாலையில் போனோம். வளைவில் வண்டி தரையைப் பிடித்துத் திரும்பியது. வேகத்தடையில் என் இடுப்பில் குத்து விழுந்தது. திரும்பி வந்து மாட்டிய இரண்டாவது செட் மெத்தென்று ஏறி இறங்கியது. ஆனால் இறங்கிய பிறகும் தொட்டில் மாதிரி ஆடியது. அறுத்துத் தைத்த முதுகுக்கு அந்த ஆட்டமும் ஆகாது என்றேன். அந்த செட்டின் ஷாக் அப்சார்பரில் இறுக்கம் கூட்டும் திருகு இருந்தது. கொஞ்சம் திருகுவார், ஓட்டுவார், மறுபடி திருகுவார். கடைசியில் குத்தும் இல்லை, ஆட்டமும் இல்லை.

கையைக்கூடத் துடைக்காமல் மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"பரிமளா, வண்டி பூ மாதிரி போவுது. நாளைக்கு வரேன்."

"வண்டி சரிங்க. அங்க வந்தா என்னை யாரு எழுப்பி உக்கார வெப்பாங்க? இங்க பொண்ணு இக்கிறா. நீங்க மூட்டை தூக்கற மாதிரி தூக்குவீங்க."

அங்கே யாரோ கூப்பிட, அவள் போனை வைத்துவிட்டாள். அன்று மாலை அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஆறுதல் யாரையும் கட்டிலிலிருந்து எழுப்பாது.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

"ஆளைத் தூக்கறது எப்படின்னு சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

காரின் முன் சீட்டில் போய் உட்கார்ந்து கால்களை வெளியே தரையில் ஊன்றினேன். அவருடைய துண்டை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, அதைப் பிடித்து என்னை எழுப்பச் சொன்னேன். முதுகை வளைத்து வெடுக்கென்று இழுத்தார்.

"அய்யோ, விடுங்க! முட்டிய மடக்குங்க. இழுக்காதீங்க, கூடச் சேந்து எழுந்திரிங்க."

நான் மறுபடி உட்கார்ந்தேன். அவர் முட்டியை மடக்கினார்.