ஈறு நிறப் பகடை

பல்செட்காரி என்றால் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பொய்ப்பல் வார்ப்பது தொழில். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்ட ஒரு கிழவர் சுத்தியலைக் கடித்துக் காட்டினார். உடைந்தது சுத்தியலின் கைப்பிடிதான். நம்பாதவர்கள் கிழவரையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அவள் உயிர் இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வீட்டார் கதை விளையாட்டு ஆடுவார்கள். கொழுந்தன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எதைச் செய்யத் துணிந்தாலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் மலையும் நகரும். ஒன்று விழுந்தால் கையிலிருக்கும் வாளே காலை வெட்டும். பல்செட்காரி மூன்று வருடமாக ஒரு வாள்வீராங்கனையை வளர்த்துவந்தாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்ததில்லை.

எட்டு மாதம் முன்பு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். விளையாட்டில் வைத்தியச்சியானாள். விதி ஒன்றும் தெரியாது. எதோடு எதைக் கூட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கேட்டுவிட்டு உருட்டினால் இருபது. தும்மிக்கொண்டே உருட்டினால் இருபது. ஒருநாள் பகடை மேசையிலிருந்து துள்ளிச் செருப்புக்குள் விழுந்தது. குனிந்து பார்த்தால் அங்கேயும் இருபது. வாள்வீராங்கனை அரைமணி நேரம் மல்லுக்கட்டிய ராட்சதனை, வைத்தியச்சி மருந்துப் புட்டியால் ஒரே போடு போட்டுச் சாய்த்தாள். பல்செட்காரியின் கணவனே எழுந்து நின்று கைதட்டினான்.

"கைராசின்னா இதுதாம்மா."

பல்லிடுக்கில் சிக்கிய நார்போல அந்தச் சொல் வாரம் முழுக்க அவளை உறுத்தியது.

ஓரகத்தியின் பகடை ரோஜா நிறம். பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் பிசினும் அதே நிறம். வினை அங்கேதான் பிடித்தது. கழுவித் தருகிறேன் என்று பல்செட்காரி பகடையை வாங்கிப் போனாள். அச்செடுத்து, பிசினை வார்த்து, இருபதாம் முகத்துக்கு அடியில் ஓர் உலோகத் துணுக்கைப் புதைத்தாள். இருபதுக்கு நேர் எதிர் முகத்தில் இருக்கும் எண் ஒன்று. கனம் கீழே போனால் ஒன்று மேலே வரும். எண்களை ஊசிமுனையால் எழுதி மெருகேற்றினாள். அந்த வாரம் பல்லுக்குக் காத்திருந்தவர் ரொட்டியைப் பாலில் நனைத்தே தின்றார்.

ஞாயிறு வந்தது. தான் செய்த பகடையை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் பூனைபோல் உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் கதையில் ஒரு டிராகன் வாலைச் சுழற்றியது. தப்ப உருட்டிய பல்செட்காரிக்கு விழுந்தது நான்கு. வாள்வீராங்கனை சுருண்டாள்.

"அண்ணிக்கு உசிரு ஊசலாடுது," என்றான் கொழுந்தன். "வைத்தியச்சி பதினொண்ணு போட்டா பிழைப்பாங்க. இல்லேன்னா அவ்வளவுதான்."

யாருக்கும் பதற்றமில்லை. கணவன் தேநீர் போடவே எழுந்து போய்விட்டான். பல்செட்காரி மட்டும் அவசரமாகத் தன் பகடையை நீட்டினாள்.

"இந்தா, என் பகடையில உருட்டேன்."

"உங்க உசிரு விஷயத்துல விளையாடுவேனாக்கா? என் ராசிப் பகடைதான்."

ஒன்று விழுந்தது.

மருந்துப்பை வைத்திருப்பவருக்கு இன்னொரு உருட்டு உண்டு, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்று கொழுந்தன் விதியைத் தேடிப் பிடித்தான். பல்செட்காரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருட உயிர் மிஞ்சும். சொன்னால் இந்த மேசையில் இனி முகம் காட்ட முடியாது. அச்சுச் சாந்து இறுகியதுபோல் வாய் திறக்கவில்லை. பகடை உருண்டது, தள்ளாடியது. மறுபடியும் ஒன்று.

ஓரகத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "நானே உங்களக் கொன்னுட்டேனேக்கா!" கொழுந்தன் அவள் தோளை அணைத்தான். கணவன் ஓடிவந்து முதல் கோப்பைத் தேநீரை அவள் கையில் கொடுத்தான். இவள் வேறு பாத்திரம் எழுதிக்கொள்வாள், நீ அழாதேம்மா என்று தேற்றினான்.

செத்தது ஒருத்தி, ஆறுதல் இன்னொருத்திக்கு. பல்செட்காரியும் அழத்தான் பார்த்தாள். அழுகைகூட இவளுக்கு எவ்வளவு அழகாக வருகிறது என்ற எரிச்சலில் சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்," என்றான் கணவன்.

எல்லோரும் பார்த்ததால் அவள் ஓரகத்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாத. உன் தப்பு ஒண்ணுமில்ல."

அக்காவுக்குத்தான் எத்தனை பெரிய மனசு என்று ஓரகத்தி இன்னும் ஓங்கி அழுதாள்.