வைக்கோல் மட்டும் தின்ன வேண்டிய பசு

பசுவின் வயிற்றுக்குள் ஒரு பூஞ்சை இருக்கிறது. காற்றுப் பட்டால் செத்துப்போகும். ஆனால் வைக்கோலுக்குள் வேர்விட்டு நார்நாராகக் கிழித்து, அதைக் கரைக்கிற நொதிகளைச் சுரக்கும். அந்த நொதியைத் தனியே எடுத்துவிட்டால், பலமனேர்ப் பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்கள் மட்டமான வைக்கோலைக்கூடச் சத்துள்ள தீவனமாக்கிக்கொள்ளலாம். இதுதான் என் ஆராய்ச்சி. சொல்வது சுலபம். திருப்பதி கால்நடைக் கல்லூரியில் உட்கார்ந்து அந்தப் பூஞ்சையை உயிரோடு வைத்திருப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

முதல் தடவை பாட்டிலில் நன்றாகவே வளர்ந்தது. பாட்டிலுக்குள் காற்று புகாமல் காக்கிற கரியமில வாயு சிலிண்டர் தீர்ந்துபோய், புதியது வாங்க ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மொத்தமும் செத்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"மறுபடியும் மாட்டுல இருந்து எடும்மா. பொங்கல் முடிஞ்ச கையோட ரிசல்ட் காட்டணும். இல்லன்னா டாபிக்க மாத்திக்கலாம், ஆடு கீடு எதுனா பாக்கலாம்."

வருடக்கணக்காக நான் கட்டிக்கொண்டு அழுதது அவருக்கு ஆடு கீடு!

எங்கள் கொட்டகையில் ஒரு பசுவுக்கு விலாவில் துளை போட்டு ரப்பர் மூடி பொருத்தியிருக்கும். மூடியைத் திறந்து கையை விட்டு, வயிற்றில் இருப்பதை எடுக்கலாம். மாட்டுக்கு வலிக்காது. ஆனால் பூஞ்சை பெருக வேண்டுமானால் அது சில வாரங்கள் வைக்கோல் மட்டும் தின்ன வேண்டும். சோறும் வெல்லமும் பழமும் நிறைய உள்ளே போனால் வயிறு புளித்துவிடும், பூஞ்சை படுத்துவிடும்.

இதைத் திருப்பதியில் யாரிடம் சொல்வது? வெள்ளிக்கிழமை திருச்சானூர் கோவிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எந்தப் பசுவையும் சும்மா விடமாட்டார்கள். வேலிக்கு வெளியிலிருந்தே பழத்தையும் பிரசாதத்தையும் ஊட்டிவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். தெலுங்கிலும் தமிழிலும் பலகை எழுதி வைத்தேன். பலகைக்குக் கீழேயே பழத்தோல் கிடந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் நகரிக்கார அம்மாவிடம் சத்தம் போட்டேன்.

"நான் இன்னா மேடம் பண்றது? பாவம், வெறும் வைக்கப்புல்லு துன்னுகினு கீதுன்னு குடுக்கறாங்க. வேணாம்னா என்னியத் திட்றாங்க. நீங்க போயி சொன்னீங்கன்னா..."

அந்த அம்மா முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. சித்தூரில் மிஷன் காலத்துக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. பசுவுக்கு ஊட்டாதீர்கள் என்று நான் சொன்னால் அது எப்படிக் காதில் விழும் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் வாயை மூடிக்கொண்டு பசுவைப் பின்கொட்டகைக்கு மாற்றினேன். ஊட்ட வருகிறவர்களுக்காக முன்னால் வேறொரு மாட்டைக் கட்டச் சொன்னேன். அது பலித்தது. சில வாரம் கழித்து வயிற்றிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வைக்கோல் துணுக்கு முழுக்கப் பூஞ்சை வேர்! தனியாகச் சிரித்துக்கொண்டேன். புது சிலிண்டர் பண்டிகை விடுமுறை முடிந்ததும் வந்துவிடும். வந்ததும் பாட்டிலுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

கனுமா வந்தது, அதாவது நம் மாட்டுப் பொங்கல். வேறு யாரையும் நம்பாமல் விடுமுறையிலும் வைக்கோல் போட நானே போனேன். எல்லா மாடுகளையும் முன்னால் கொண்டுவந்து கொம்புக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். பேராசிரியர் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கல்.

"இதான் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே மகாலட்சுமி, இதுக்குத்தான் மொதல்ல" என்று என் பசுவின் வாயில் முதல் கவளத்தை வைத்தார். அவர் தொடங்கிவைத்ததும் ஆளாளுக்கு அதற்கே ஊட்டிக் குண்டானைக் காலி செய்தார்கள். நான் வைக்கோலும் கையுமாக நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை.

சிலிண்டர் வந்தது. பசுவின் விலா மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை அடித்தது. இருந்தாலும் பாட்டில்களில் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றிலும் பூஞ்சை எழும்பவில்லை.

"ஒனக்கு ராசியே இல்ல போம்மா" என்றார் பேராசிரியர்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சார், கனுமா அன்னிக்கு குண்டான் பொங்கலும் அந்த மாட்டு வயித்துலதான் போச்சி. ஆரம்பிச்சு வச்சதே நீங்க."

மாவுச்சத்து இந்தப் பூஞ்சையை என்ன செய்யும் என்று முதல் வருடம் எனக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. ஊட்டும்போதே தெரியும். பண்டிக அன்னிக்கு வேணாம்னு எப்பிடி சொல்றது? அதுவும் நீ சொல்லி நிறுத்திட்டேன்னு வெளிய பேச்சு வந்தா?"

நான் யார் என்று நினைத்துப் பயந்துகொண்டு நான் வாய் திறக்காமல் இருந்தேன். அதையே நினைத்துத்தான் அவரும் ஊட்டியிருக்கிறார். ஆட்டைப் பற்றிய தலைப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.