கொழுந்து மாடிக்குக் கீழே ஒரு விசில்

என் ஸ்டூடியோ சாவிக்கொத்தில் ஒரு விசில் தொங்குகிறது. சிவப்பு பிளாஸ்டிக்; வாய் வைக்கும் இடம் பல் பட்டுப் பட்டு வெளிறிப் போயிருக்கிறது. பண்டாரவளையில் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சார் முந்தி பொலிஸ்ல இருந்தீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லங்க, ஜிம்னாஸ்டிக்ஸ்ல இருந்தேன்" என்பேன். அவர்களுடைய கண் நேரே என் வயிற்றுக்குப் போகும். சிரித்துவிடுவார்கள். அடையாள அட்டைப் படத்தில் சிரிக்கக் கூடாது, ஆகவே அந்தச் சிரிப்பு வற்றும்வரை கமராவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தொழிலுக்கு நட்டம்தான். ஆனாலும் விசிலைக் கழற்ற மனம் வரவில்லை. அதை என் கையில் கொடுத்தவர் இப்போது கடல் தாண்டி இருக்கிறார். அவரை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம்.

கதை மிஸ்ஸிடம் தொடங்கவில்லை, ஒரு சம்மனசிடம் தொடங்கியது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோவிலில் இயேசு பிறப்புக்கு நத்தார் நாடகம். இடையர்களிடம் வந்து "பயப்படாதீர்கள்" என்று சொல்லும் தேவதூதர், அதாவது சம்மனசு, வேஷம் அவளுக்கு. நடந்து வந்து சொன்னால் போதும். அவளோ கைகளைத் தரையில் ஊன்றி, கால்களை வானத்துக்கு வீசி, வண்டிச் சக்கரம் மாதிரி சுழன்று வந்து நின்றாள். அட்டைச் சிறகு ஒன்று பிய்ந்து தொங்கியது. "பயப்படாதீர்கள்" என்றாள். இடையர்கள் பயப்படவில்லை. ஃபாதரும் பயப்படவில்லை, கைதட்டினார். அந்தக் கோவிலில் பயந்தது ஒரே ஆள்தான். வாங்குப் பலகையிலிருந்து எழுந்து "ஐயோ, கழுத்து!" என்று அலறிய அந்த ஆளை இன்றும் சிலர் 'கழுத்து சார்' என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன், வேறு என்ன செய்வது?

பயப்படுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. குக்கர் வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகக் கூவினால் வாசலுக்கு வந்துவிடுவேன். மகள் மேசைமேல் ஏறினால் நான் கீழே நின்று கையை ஏந்துவேன். அவள் பாட்டுக்கு இறங்கிப் போன பிறகும் கொஞ்ச நேரம் ஏந்தியபடியே நிற்பேன். "இந்த மனுசனக் கொண்டுபோய் மலையடிவாரத்துல கட்டி வச்சா சைரனே தேவையில்ல" என்பாள் என் மனைவி. கொஸ்லந்தைப் பக்கம் மழையில் மலை சரிந்து மண் இறங்கியதில் அவளுடைய பெரியம்மாவின் வீடு போனது, வீட்டிலிருந்தவர்களோடு. மலையைச் சொல்லிச் சிரிக்க எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உரிமை. நான் சிரிக்க மாட்டேன். மழை பிடித்தால் ஜன்னலைத் திறந்து மேட்டைப் பார்ப்பேன்.

நத்தார் முடிந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, இத நான் ஒழுங்கா பழகணும்." கைபேசியில் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றிருக்கிறாள். சரி, விழுகிறதென்றால் தெரிந்தவர் முன்னால் விழட்டும் என்று தேடத் தொடங்கினேன். முதலில் பதுளையில், கண்ணாடிக் கதவு போட்ட ஓரிடம். அங்கிருந்த பயிற்சியாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அஞ்சு வயசுல கொண்டாந்திருக்கணும். இப்ப எலும்பு முத்திருச்சே" என்றார், சந்தையில் போஞ்சிக்காயை ஒடித்துப் பார்த்துச் சொல்வதுபோல. வந்ததற்கு ஒருநாள் நிற்கட்டும் என்று சின்னஞ்சிறுசுகளின் வரிசையில் நிறுத்தினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிழல் மரம் நிற்குமே, அப்படி நின்றாள். ஒரு குட்டிப் பெண் அண்ணாந்து பார்த்து, "நீங்க புது மிஸ்ஸா?" என்று கேட்டது. மண்டபமே சிரித்தது. மகளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, பயிற்சி உடுப்பை மடிக்காமல் அலமாரிக்குள் எறிந்தாள்.

இரண்டாவது இடம் எங்கள் ஊரிலேயே. கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தரையில் உட்காரச் சொன்னார்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். இறங்கவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. பின்னாலிருந்த பிள்ளைகளில் யாரோ சிரித்துக்கொண்டே அதைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு எடம். அங்கயும் சிரிச்சாங்கன்னா இத விட்டுர்றேன். அதுக்கப்பறம் நீங்களும் தேடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். அதன் பிறகு வீட்டில் அவள் சுழலவில்லை. சுவரில் கால் தடம் விழவில்லை, பூச்சட்டி உடையவில்லை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அந்த அமைதிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வழி காட்டியது ஸ்டூடியோ முக்காலி. தேயிலைத் தோட்டத்திலிருந்து படம் எடுக்க வந்த ஓர் அம்மாவின் மகள், நான் விளக்கைச் சரிசெய்து திரும்புவதற்குள் அந்த முக்காலியில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். "கழுத்து!" என்று வழக்கம்போல் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எங்கே கற்றாள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பெரகலைக்குக் கீழ, மூடிக் கெடக்குற தேயில ஃபெக்டரியில மிஸ் சொல்லிக் குடுக்குதுங்க. வயசு கியசெல்லாம் கேக்காதுங்க. வந்தா வா-ன்னு சொல்லும், அம்புட்டுதான்."

மிஸ் அந்த ஃபெக்டரியின் பழைய டீமேக்கருடைய மகள். சிங்களப் பெண். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் எங்களைவிட நன்றாக எங்கள் தமிழைப் பேசுவார். முப்பது வயதுகூட இராது. பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கென்று கட்டிய மேல்மாடியைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். நீண்ட மாடி, வரிசையாக ஜன்னல்கள், கீழே பலகைத் தரை. மிதித்தால் லேசாக அமுங்கி எழும்பும் பலகை. கண்ணாடிக் கதவு போட்ட இடத்தில்கூட அப்படித் தரை கிடையாது. தும்பு அடைத்த சாக்குகள்தான் மெத்தை. நடந்து பழகும் பீம், கழற்றிய ஓர் உத்தரம். கொழுந்து எடுக்கிற பெண்கள் குளிருக்குப் போர்த்தும் பழைய கம்பளியை அதன்மேல் இறுகச் சுற்றித் தைத்திருந்தார். முப்பது வருஷம் ஆவியும் கொழுந்தும் ஊறிய அந்த மரத்திலிருந்து, மழை ஈரத்தில், பச்சைத் தேயிலை வாசம் எழும்பும். இன்றும் எங்காவது அந்த வாசம் வந்தால், எனக்குத் தேநீர் ஞாபகம் வருவதில்லை. குதிக்கிற பிள்ளைகளின் ஞாபகம்தான் வருகிறது.

நாங்கள் போன அன்று ஐப்பசி மழை. மிஸ் என் மகளைப் பார்த்தார். "என்னா பேரு? சப்பாத்தக் கழட்டிட்டு மேல வாங்க" என்றார். அவ்வளவுதான். வயது கேட்கவில்லை. நான் பின்னால் ஏறப் போனேன். "பெத்தவங்க கீழதான். நீங்க மேல வந்தா ஒங்க பயமும் சேந்து மேல வரும்" என்றார். இந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி யார் சொன்னது? மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

கீழே இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப்போன வெற்று மண்டபம். ஓர் உடைந்த பெட்டியில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை. மண் இறங்கிய வருஷத்துக்குப் பிறகு, மலையடிவாரம் எங்கும் அதிகாரிகள் வந்து பழக்கிவிட்டுப் போயிருந்தார்கள்: சத்தம் கேட்டால் சாமானைத் தேடாதே, பிள்ளையைத் தூக்கு, சத்தமாகச் சொல்லு, மைதானத்துக்கு ஓடு. மண் வருகிற சத்தம் லொறியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி இருக்கும் என்று தப்பி வந்தவர்கள் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள். அதை நான் ஒவ்வொரு மழைக்கும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

அப்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. தடதடவென்று உருண்டு, நெருங்கி, தொம்மென்று விழுந்தது. தூண் அதிர்ந்தது. மாடிப் பலகை இடுக்கிலிருந்து பழைய தேயிலைத் தூசி என் தலையில் கொட்டியது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மலை வெளியே இருக்கிறது, சத்தம் மாடியில் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

"மண்ணு வருது! ஓடுங்க! மண்ணு!"

என் குரலைப் பற்றி எனக்கே அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் மாடிப்படியில் சறுக்கிக்கொண்டு வந்து, பெரியது சின்னதைத் தூக்கி, வெறுங்காலோடு மைதானத்துக்கு ஓடி வரிசையாக நின்றுவிட்டார்கள். அதோடு போகவில்லை. பக்கத்து லயம் முழுக்க வெளியே வந்துவிட்டது. கைக்குழந்தையோடு பெண்கள், கயிறு அறுந்த ஆடு, சோற்றுச் சட்டியோடு ஓர் அம்மா, பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவர். எல்லோரும் மழையில் நின்று மலையைப் பார்த்தோம். மலை தன் பாட்டுக்கு நின்றது.

"யாரு கத்துனது?" என்றார் மிஸ். யாராக இருக்கும் என்று நானும் சுற்றிலும் பார்த்தேன். தலை நிறையத் தேயிலைத் தூசியோடு நின்றது நான் மட்டும்தான் என்பது பிறகுதான் உறைத்தது. சத்தம் பிள்ளைகள் ஓடிக் குதித்த சத்தம் என்பதும் அப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கூனிக் குறுகி, பாதி முகம் நுரை பூசியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஈரக் கையால் நுரையை வழித்தார்.

"பரவால்ல சார். கத்தாம இருந்துட்டா அதுதான் சார் தாங்காது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் தேடிப் போன சிரிக்காத இடம் அதுதான் என்று எனக்கு விளங்கியது. விளங்கின அதே கணத்தில், அதை நானே கெடுத்துவிட்டேன் என்பதும் விளங்கியது. மகள் இனி எந்த முகத்தோடு இங்கே வருவாள்?

மகளைத் தேடினேன். வரிசையில் அவள் இல்லை. மிஸ் படிகளைத் தாவி ஏறினார். பெத்தவங்க கீழதான் என்பதை மறந்து நானும் ஏறினேன்.

காலி மாடியின் நடுவில், கம்பளி சுற்றிய பீமின்மேல், இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் ஓடியபோது எப்படி நின்றாளோ, அப்படியே.

"ஏன் புள்ள ஓடல?" மிஸ்ஸுக்கு மூச்சு வாங்கியது.

"அது எங்கப்பா, மிஸ். வீட்டுல பல்லி விழுந்தாலும் இப்பிடித்தான்."

மிஸ் முதலில் ஏசினார், நன்றாகவே ஏசினார். நிஜமாக மண் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அப்பா ஆனாலும் யாரானாலும் சத்தம் கேட்டால் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் யோசனை என்றார். மகள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு மிஸ் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் தண்ணீர் தேடினேன்.

"ஸ்டூடியோ தொர," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்று வைத்த பெயர்தான் அது. "பீம்ல ஏத்திவிட்டுப் பக்கத்துல நான் சும்மா கை தட்டுவேன், பிள்ளைங்க விழுந்துருவாங்க. எது நடந்தாலும் அசையாம நிக்கப் பழக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். ஒங்க வீட்டுல இவளப் பொறந்ததுல இருந்து பழக்கியிருக்கீங்க. யாரு சொன்னா இவ லேட்டுன்னு?"

மகள் பீமிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் படம் பிடிக்கவில்லை. கமரா கையில் இல்லாத நாட்களில்தான் இப்படியெல்லாம் நடக்கிறது.

அடுத்த கிழமை மிஸ் இந்த விசிலைக் கொடுத்தார். "இனிமே சந்தேகம் வந்தா ஒரு தடவ ஊதுங்க. மேலயிருந்து பதில் வந்தா உக்காருங்க. வரலைன்னா மறுபடி ஊதிட்டு ஓடுங்க." அதன் பிறகு பல வருஷம் சனிக்கிழமைகளில் நான் கீழே ஊதுவேன். மேலேயிருந்து எல்லாக் குரலும் சேர்ந்து, "பிள்ளைங்க!" என்று கத்தும்; மண் இல்லை, குதிப்பது நாங்கள்தான் என்று அர்த்தம். நான் உட்காருவேன். சில நாள் பயமே வராது. ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்பதற்காக ஊதியிருக்கிறேன். இதை மிஸ்ஸிடம் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

மகள் பெரிய வெற்றியெல்லாம் பெறவில்லை. மாகாணப் போட்டி ஒன்றில், பீமில் மட்டும் நல்ல பெயர் வாங்கினாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை போனாள், பிறகு தாதியர் பயிற்சிக்குப் போய்விட்டாள். மிஸ் கல்யாணமாகி இத்தாலிக்குப் போனார். அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறாராம். நத்தாருக்கு நத்தார் குரல் செய்தி வரும்: "தொர, விசில் இருக்கா?"

போன மாதம் விடுமுறைக்கு வந்த மகள் என்னை அங்கே கூட்டிப் போனாள். ஃபெக்டரி இப்போது உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டல். நான் உடைந்த பெட்டியில் உட்கார்ந்த இடத்தில் மேசை விரிப்பு, பீங்கான் கோப்பை. மாடியை அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். மரத்துக்கு வார்னிஷ் அடித்ததில் தேயிலை வாசம் போய்விட்டது. வெளியே அதே ஐப்பசி மழை. எதைத் தேடி வந்தோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

தலைக்கு மேலே தடதடவென்று ஏதோ உருண்டு வந்து, தொம்மென்று விழுந்தது.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. பரிமாறுகிற தம்பி ஓடி வந்தார். அடுத்த மேசைக்காரர்கள் பார்த்தார்கள். என் கை, நான் சொல்லாமலே, சாவிக்கொத்தை எடுத்து வாயருகே கொண்டுபோயிருந்தது. மகளைப் பார்த்தேன். ஒரு கையால் கோப்பையைப் பிடித்திருந்தாள். அதில் தேநீர் துளிகூட ஆடவில்லை. மற்றக் கை மட்டும் மேசைக்கு மேலே நீண்டு என் முழங்கையைத் தொட்டது.

"பிள்ளைங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.