மணலில் நிற்காத பைக்

சிலாபத்தில் அந்தப் பைக்கை முதன்முதலாகப் பார்த்தபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நாற்பதைத் தாண்டியவன், கற்பிட்டிப் பக்கம் எத்தாளைச் சந்தியில் தண்ணீர்க் குழாயும் தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரும் விற்கிற கடைக்காரன், யாரிடமும் விலை பேசிக் களைக்காதவன். அன்று வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

விற்க வந்தவர் இரண்டு மீன்பிடிப் படகுகளுக்குச் சொந்தக்காரர். மனைவி இத்தாலியில் வேலை செய்கிறாள், அவரும் அங்கே போகிறார். படகுகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம். பைக்கைக் கொடுக்கத் தம்பியை நம்பவில்லை.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க நானா, கடிக்காது" என்றார், என்னை அண்ணனாக்கி.

ஜப்பான் பைக். நானூறு சீசீ, நாலு சிலிண்டர். எஞ்சினை மறைக்கிற பிளாஸ்டிக் மூடி ஒன்றும் கிடையாது. முன்பக்கம் நாலு குழாய்கள் வளைந்து இறங்கி வயிற்றுக்கடியில் ஒன்றாகச் சேர்கின்றன. எஞ்சினின் விலா எலும்புகளை ஒன்றொன்றாக எண்ணலாம். இந்த வகைக்கு நேக்கட் பைக் என்று பெயர். அந்தப் பெயரை நான் இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்தது. கத்தவில்லை, உறுமவும் இல்லை. உள்ளே பெரிய வேலை ஒன்று அமைதியாக நடக்கிற மாதிரி ஒரு சத்தம். பெற்றோல் டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அந்த நடுக்கம் முழங்கை வரை ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு இரும்புச் சாமானுக்காகக் கண் கலங்கினேன்.

அவர் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றி முத்தமிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாதா என்னோட வரட்டும். நீங்க உங்கட ஓதல ஓதிட்டு எடுங்க. ஒண்டு மட்டும் சரியா ஞாபகம் வைங்க. சைட் ஸ்டாண்ட மணல்ல போட வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன கத கதைக்கிறீங்க? நான் மணல்லயே பொறந்து மணல்லயே வளந்தவன்" என்றேன். அவர் இரண்டாவது ஹெல்மெட்டையும் கையில் தந்தார். சின்னது. அவருடைய மனைவியுடையது.

வாகனத்தில் ஏறும்போது நாங்கள் ஓதுகிற துஆ ஒன்று உண்டு. இதை அடக்குகிற வலு எங்களுக்குச் சொந்தமானதல்ல என்று அதில் ஒப்புக்கொள்வோம். என் பழைய சின்னப் பைக்கில் ஏறும்போது அது நாக்கில் தானாக வந்து தானாகப் போகும். ஆட்டுக்குட்டி மாதிரி இருமுகிற ஒன்றை அடக்க என்ன வலு வேண்டும்? சிலாபத்தைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கிடையில் வீதி நீளமாகக் கிடந்த இடத்தில் மணிக்கட்டைக் கொஞ்சம்தான் திருப்பினேன். யாரோ பெரியவர் ஒருவர் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளியதுபோல் இருந்தது. அந்த துஆவின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. இன்னொரு தடவை, இந்த முறை சத்தமாக, ஓதினேன்.

வீட்டில் வேறு கதை.

என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. அவள் கத்தவில்லை.

"இது என்ன?"

"பைக்."

"பைக்கெண்டு தெரியுது."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். குசினியில் ஒரு சட்டி சத்தமில்லாமல் வைக்கப்பட்டது. அந்தச் சத்தமின்மைதான் என்னைக் கலக்கியது.

அவளுடைய நானா மோட்டார் சைக்கிளில் போய்த்தான் மவுத்தானார். பாலாவிக்கு வருமுன் உள்ள ஒரு வளைவில், எதிரே டிப்பர் லொறி. அவளுக்கு அவர் வெறும் மூத்த சகோதரன் மட்டுமல்ல. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்ட, மன்னாரிலிருந்து எல்லாரும் படகில் கிளம்பி வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த அவளைக் கற்பிட்டிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் தோளில் சுமந்து இறக்கியவர் அவர்தான். அவருக்கே அப்போது மீசை முளைக்கவில்லை. அவர் போன பிறகு அவள் எந்தப் பைக்கிலும் ஏறியதில்லை. புத்தளத்துக்கு பஸ்ஸில் போகும்போது அந்த வளைவு வருமுன்னரே கண்ணை மூடிக்கொள்வாள். எப்படித்தான் தெரியுமோ, ஒரு தடவையும் பிந்தியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் வாங்கினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அதனால் கேட்கவில்லை. ஆசை அப்படிப்பட்டது.

சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் நிக்கட்டும். அதுக்குள்ள என்ட மனசு ஒத்துக்கலண்டா குடுத்துரணும். பொறகு கத வேணாம்."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? அவள் மனசு எதற்கும் லேசில் ஒத்துக்கொள்கிற மனசு அல்ல. என்னைக் கட்டவே இரண்டு வருசம் யோசித்தவள்.

எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பருவம் மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு ஓட்டினேன். விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடை திறக்குமுன் கிளம்பிவிடுவேன். பிரதான வீதியை விட்டுத் தோட்டங்களுக்குள் போகும் ஒடுங்கிய வீதிகள்தான் என் வீதிகள். குழாய் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து, இருபது வருசமாக ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவுக்குப் பழக்கம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் நான் பார்த்திருக்கவே இல்லை. சின்னப் பைக்கில் போகும்போது எஞ்சினின் முக்கலையும் முனகலையுமே கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். இது கேட்டதைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அதனால் தலையை நிமிர்த்திப் பார்க்க முடிந்தது. வெங்காயப் பாத்திகளின் மேல் ஸ்பிரிங்ளர்கள் சுழன்றன. அதில் பாதி என் கடையில் வாங்கியவை. காற்று அந்தத் தண்ணீரைத் தூக்கி வீதிக்குக் குறுக்கே வீசியது. வெயில் அதற்குள் புகுந்து வந்தது. நான் விற்ற சாமான் இப்படி ஒரு வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நனைந்துகொண்டே அதற்குள் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பாத்தியில் நின்ற ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கடைக்காரருக்கு என்ன பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீதியின் நடுவே கழுதைகள் படுத்திருக்கும். எங்கள் பக்கத்துக் கழுதைகள் ஹோர்னுக்கு எழும்பாது, பஸ்ஸுக்கும் எழும்பாது. இந்தப் பைக் கிட்டப் போனதும் எழும்பின. ஓடவில்லை. எழுந்து, ஓரமாக நின்று, காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தன. நானும் அப்படித்தானே கேட்டேன் என்று அவற்றின் மேல் ஒரு மரியாதை வந்தது.

மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளுக்கடியில் போய் நிறுத்தியபோதுதான் உண்மையாகப் பயந்தேன். தினமும் தூரத்திலிருந்து பார்ப்பவைதான். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். எஞ்சினை நிறுத்தினேன். தலைக்கு மேல் அந்தப் பெரிய இறக்கை ஒவ்வொன்றும் இறங்கும்போது ஆகாயத்தை யாரோ துணியாகக் கிழிக்கிற சத்தம். ஒரு பக்கம் கடல் வெள்ளையாகக் கொதித்தது. மறுபக்கம் களப்பு என்கிற கடலேரி தாம்பாளத் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே இந்த ஒரு கீற்று மணலில்தான் நாங்கள் கலியாணம் செய்து, கடை வைத்து, கடன் கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். அல்லாஹு அக்பர் என்று வாய் தானாகச் சொல்லியது.

ஊர் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கவரெல்லாம் எங்க? வார வழியில கழண்டு விழுந்திட்டா?" என்றார்.

இன்னொருவர், "இல்ல மச்சான், இன்னும் கட்டி முடியல. வீடு மாதிரித்தான், காசு வரவரக் கட்டுவாரு" என்றார்.

சிரித்தவர்களில் ஒருவர்கூடக் கிட்ட வந்து தொடவில்லை. அவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

பெருநாளுக்குப் பிறை கண்டாயிற்று, இன்னும் பத்து நாள். அந்த நாட்களில் ஒரு காலை குறிஞ்சிப்பிட்டிக் கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பைக் நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டாண்டை மணலில் குத்தி, குதிக்காலால் மிதித்து, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் அது மணலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கச்சான் காற்றுக்கும் விழாது. காங்கிரீட் தரையில் நிறுத்துவதைவிட எங்களுக்கு இதில்தான் நம்பிக்கை. பழக்கதோசத்தில் அதையே செய்தேன். குத்தி, மிதித்து, ஆட்டி. நன்றாகத்தான் நின்றது. வலையைப் பார்க்கப் போனேன்.

யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். பைக் சாய்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. எருமை தண்ணீரில் படுப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, நான் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே படுத்துவிட்டது.

நானும் இன்னொருவரும் தூக்கிப் பார்த்தோம். நிலத்தையே தூக்குவதுபோல் இருந்தது. கடைசியில் கரைவலைக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்கள். ஹேண்டிலில் சிலர், பின்பக்கம் சிலர், வலை இழுக்கப் பாடுகிற அம்பாப் பாட்டை என் பைக்குக்குப் பாடினார்கள். மூன்றாவது அடியில் அது எழுந்தது. உப்புத் தண்ணீர் சொட்டுகிற அந்தக் கைகளையும் அந்தப் பாட்டையும் நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் காது சுடுகிறது.

"கீழ தட்டயான ஏதாவது ஒண்ட வைங்க நானா" என்றார் ஒருவர். செருப்பைக் கழற்றி ஸ்டாண்டுக்கடியில் வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் செருப்போடு மீன் வாங்கினேன்.

கிளட்ச் பிடி வளைந்திருந்தது. கண்ணாடியின் இடுக்கில் மணல். வீட்டுக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போனேன். மீன் பையை வாங்கியவள் என் காற்சட்டையைப் பார்த்தாள். பின்னால் போனாள். இத்தனை நாளில் பைக்குக்குக் கிட்ட அவள் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை விரலால் தடவினாள், விரலைப் பார்த்தாள்.

"விழுந்தீங்களா?"

"நான் விழல. அதுதான் விழுந்த. நான் பக்கத்துலயே இல்ல."

"எப்பிடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிலாபத்துக்காரர் சொன்னதையும், நான் மணலில் பிறந்தவன் என்று பெருமையடித்ததையும், அம்பாவையும், ஒற்றைச் செருப்பையும். எங்கே என்று தெரியவில்லை, ஒரு இடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தாள். முடிந்தது, இனிக் கொடுத்துவிடு என்பாள் என்று நினைத்து நான் மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். அவள் அபாயா போட்டு, கைப்பையோடு வாசலில் நின்றாள். அலுமாரி மேல் கிடந்த சின்ன ஹெல்மெட் அவள் கையில்.

"எங்க போக?"

"நானா விழுந்த எடத்துக்கு."

அவளே சொன்னாள்: "கண்ண மூடி மூடிக் களைச்சிட்டன். ஒருக்கா தொறந்துகொண்டு போகணும். மெயின் ரோட்டால வேணாம், உள்ளால போங்க."

முதலில் என் தோளை ஒரு விரலால் பிடித்தாள். பிறகு ஒரு கையால். எஞ்சின் பேசத் தொடங்கியதும் இரண்டு கைகளாலும் சட்டையை முறுக்கிப் பிடித்தாள். அவள் ஓதுவது என் பிடரியில் கேட்டது. நான் பால் குடம் கொண்டுபோகிறவன்போல் ஓட்டினேன். ஸ்பிரிங்ளர் தண்ணீர் வீதிக்கு வந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். அவள் ஓதுவதை நிறுத்தினாள். கழுதைகள் எழுந்து நின்று எங்களைப் பார்த்தன. தென்னைகள் முடிந்து ஒரு வளைவில் கடலும் களப்பும் சேர்ந்து தெரிந்தபோது, காதுக்குக் கிட்ட அவள் குரல் கேட்டது.

"இது எந்த ஊர்?"

"நம்மட ஊர்தான்."

"இவ்வளவு அழகாவா இரிக்கி?"

கைக்குழந்தையாக வந்து இறங்கிய ஊர். இத்தனை வருசம் பஸ் ஜன்னலால் பார்த்த ஊர்.

அவளுடைய நானா விழுந்த வளைவுக்குச் சற்று முன்னால் பிரதான வீதியில் ஏறினோம். சட்டையைப் பிடித்திருந்த கைகள் இறுகின. கண்ணாடியில் பார்த்தேன். கண் திறந்திருந்தது. அகலத் திறந்திருந்தது.

அங்கே ஒன்றுமில்லை. உப்புப் புல், ஒரு மைல்கல், அப்பால் உப்பளத்தின் வெள்ளை. வீதியோரம் முழுக்க மணல். எஞ்சினை நிறுத்தினேன். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். டிப்பர் ஒன்று கடந்துபோனது. அவளுடைய அபாயா படபடத்தது, அவள் அசையவில்லை. கையேந்தி துஆக் கேட்டாள். நான் இரண்டு காலையும் ஊன்றிப் பைக்கைப் பிடித்துக்கொண்டே ஆமீன் சொன்னேன்.

முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"நில்லுங்க."

கைப்பையைத் திறந்து ஒரு பால்மா டின்னின் மூடியை எடுத்தாள். சுத்தியலால் தட்டி மட்டமாக்கியிருந்தாள், விளிம்பெல்லாம் மடக்கி. அவள் நிலத்தில் குந்தி, மணலைக் கையால் சமப்படுத்தி, அதை ஸ்டாண்டுக்கு நேரே வைத்து அழுத்தினாள்.

"இப்ப போடுங்க. இந்த எடத்துல இனி ஒண்டும் விழப்படாது."

ஸ்டாண்டைப் போட்டேன். கச்சான் காற்று களப்பைத் தாண்டி வந்து அடித்தது. பைக் அசையவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். சிலாபத்தில் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஏறிவிட்டு என் தோளைத் தட்டினாள்.

"மூடிய விட்டுட்டு வந்துராதீங்க. இனிமேலும் வேணும்."