பதினோரு பேர் பானை

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் மகளுக்கு மட்டாஞ்சேரியைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பேருக்குத்தான் நான் சுற்றிக் காட்டியது. கைபேசியைப் பார்த்து வழி சொன்னது அவள். பிறந்து வளர்ந்த தெருவில் இன்னொருவர் வழிகாட்ட நடப்பதும் ஒரு சுகம்தான். ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்குள் அவள் நுழைந்தாள். கால் வலிக்கு உட்கார ஏதாவது கிடைக்குமா என்று நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு மரக்குதிரைக்கும் கப்பல் விளக்குக்கும் நடுவில் பெரிய வெண்கலப் பானை ஒன்று இருந்தது. கழுத்தில் நூல் கட்டி விலைச்சீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரப் பையன், விலை கூடுதல் என்று சிரிக்கிறேன் என நினைத்துக்கொண்டு, "நூறு கொல்லம் பழக்கம் உண்டு மேடம்" என்றான். நூறு வருஷப் பழசாம். நான் சிரித்தது அதற்கில்லை. எழுபதுகளின் நடுவில் எங்கள் குடும்பத்தின் மொத்தக் கடனே இரண்டாயிரத்து நூறு ரூபாய்தான். அந்தக் கடனை இதே மாதிரி ஒரு பானையை வைத்துத்தான் அடைத்தோம்.

அப்பா பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டியில் கணக்கு எழுதினார். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்கச் சுக்கு மணக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் சளி பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. முதலாளியின் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவர், சொந்தக் கையெழுத்தை எங்கே போடுகிறோம் என்று மட்டும் பார்க்க மாட்டார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் பேர்ஷ்யாவுக்குப் போய்விட்டார். அப்போதெல்லாம் கடல் தாண்டி எங்கே பிழைக்கப் போனாலும் எங்கள் ஊரில் அது பேர்ஷ்யாதான். மனிதர் கப்பலேறினார், கடன் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது.

அதைக் கொடுத்துத் தீர்க்க அம்மாவின் நாலு வளையலும் பணயத்துக்குப் போயின. அடகு என்று நாங்கள் சொல்வதில்லை, எங்களுக்குப் பணயம்தான். இரண்டு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் ஏலத்தில் போய்விடும். அவை என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையல்கள். எனக்கு அப்போது இருபது வயது. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நூற்றறுபது ரூபாய்ச் சம்பளத்துக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு எனக்கொன்றும் அவசரமில்லை. ஆனால் அம்மா வெறும் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சிக்கனத்தை முதலில் அப்பாதான் தொடங்கினார். நாலு விளக்குக்கும் ஒரே பல்பு என்றார். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் துணியைச் சுற்றிப் பல்பைக் கழற்றி, இருட்டில் தடவிக்கொண்டே போய் அடுத்த இடத்தில் மாட்ட வேண்டும். மூன்றாம் வாரம் என் கடைசித் தம்பி அதைக் கீழே போட்டான். பிறகு படகுக் கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, காயலுக்கு அக்கரையிலிருந்த எறணாகுளத்துக்குப் பாலம் பாலமாக நடந்து போய்வந்தார். ஒரே மாதத்தில் செருப்பு அறுந்தது. புதுச் செருப்பு வாங்கிய பணத்தில் மூன்று மாதம் படகில் போயிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் அவரேதான்.

உருப்படியான யோசனை அம்மாவுடையது. எங்களுடையது ஒரு பழைய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியதில் ஒரு பாதி. மறுபாதியில் ரோசிச் சேச்சி. அவருடைய கணவர் அந்தோணிச் சேட்டனுக்குத் துறைமுகத்தில் சுமை விழுந்து கால் முறிந்து, ஆறு மாதம் வேலை இல்லை. அவர்களும் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். ஒருநாள் கொல்லைப்புறத்தில் தராசுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம். சேச்சி தன் வீட்டு வெண்கலப் பானையைப் பழைய பாத்திரக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சேச்சி விக்கறீங்க?" என்றாள் அம்மா.

"இத்தற வலிய பானையில ஆறு பேருக்குச் சோறு வெச்சா அரிசியைவிட விறகுக்குத்தான் காசு, லட்சுமி." மலையாளத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் தமிழாகிவிடும் என்று நம்பியவர் சேச்சி. பெரும்பாலும் ஆகவும் செய்தது.

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க ஆறு, எங்க அஞ்சு. பதினோரு பேருக்கு இது சரியாத்தானே இருக்கும்" என்றாள்.

பாத்திரக்காரர் தராசை மடித்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. சேச்சியின் அடுக்களைதான் பெரியது. விறகை விட்டு, மரத்தூளை இறுக்கி அடைக்கும் அடுப்புக்கு மாறினோம். அறுப்பு மில்லிலிருந்து ஒரு சாக்குத் தூள் சல்லிசாகக் கிடைக்கும். காலையில் சேச்சி சமைப்பார், சாயங்காலம் அம்மா. சிவப்பரிசி இல்லாமல் சேச்சிக்குச் சோறு இறங்காது, அதைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது. இரண்டு பேருக்குமே பிடிக்காத ரேஷன் அரிசியை வாங்கியதில் சண்டை தீர்ந்தது. சாம்பாரில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தால் அப்பா முகம் சுளிப்பார், ஆனாலும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வார்.

மீனில்தான் மிச்சம் பிடிக்க முடியவில்லை. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் பதினோரு பேரைச் சாப்பிட வைப்பது லேசான காரியமில்லை. சேச்சி வீட்டில் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாள் நோம்பு, கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நாள், அதுபோக வெள்ளிக்கிழமைகள். எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனி, ஆடி வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, அமாவாசை, மார்கழி முழுக்க. ஒரே பானை என்றால் விரதமும் ஒன்றுதானே என்று இரண்டு பெண்களும் ஒருநாள் முடிவு செய்தார்கள். அவர்கள் நோம்பை நாங்களும் எங்கள் விரதத்தை அவர்களும் எடுத்துக்கொண்டோம். கெட்டுப்போன பில் தாளின் பின்பக்கத்தில் ஆபீஸ் மெஷினிலேயே அந்த வருஷத்து விரத நாட்களை டைப் அடித்துக் கொண்டுவந்து அடுக்களை ஆணியில் மாட்டினேன். கூட்டிப் பார்த்தால் வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி நாள் மீன் கிடையாது.

அப்பா அதை மேலிருந்து கீழே படித்துவிட்டு, "இப்படிப் போனா மீனுக்கு நம்மளவிட ஆயுசு கூடும்" என்றார்.

மதநல்லிணக்கம் பற்றி இப்போது மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் இந்தத் தாள்தான் என் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது மீன் செலவில் தொடங்கிய விஷயம். கூடையோடு வரும் மீன்காரி வாசலில் நின்று, "நிங்ஙள்க்கு எப்பளும் நோம்பாணோ?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் எங்கள் சந்துக்குள் திரும்புவதையே விட்டுவிட்டாள்.

ஆண்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்திமான்கள் இல்லை. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை அப்பா வந்து பசியில்லை என்றார். அரைமணி கழித்து அந்தோணிச் சேட்டன் வந்து அவரும் பசியில்லை என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வயிறு சரியில்லையாக்கும்" என்று அம்மா கேட்டாள். இருவர் மீதும் வறுத்த கரிமீன் வாசனை. கள்ளு ஷாப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டு, வேறு வழியில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில்தான் இந்த உண்மை வெளியே வந்தது.

இரண்டாவது ஓணத்துக்கு எனக்கும் அப்பாவுக்கும் போனஸ் கிடைத்தது. சேர்த்து வைத்திருந்ததோடு அதையும் போட்டு, நானும் அம்மாவும் போய் வளையலை மீட்டோம். ஏலக் கெடுவுக்கு ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. தெருவிலேயே நின்று கையில் போட்டுப் பார்த்தாள் அம்மா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வீடு நெருங்கியபோது ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"சேச்சிட்ட இப்பச் சொல்லண்டாம். அவங்க கடன் இன்னும் தீரல. நமக்கு மட்டும் தீந்துதுன்னா மனசு கஷ்டப்படும்" என்றாள். வளையல்கள் எங்கள் வீட்டுக் கடுகு டப்பாவின் அடியில் போய் உட்கார்ந்தன. பானை பாட்டுக்குப் பதினோரு பேருக்கு வெந்துகொண்டிருந்தது.

டிசம்பரில் ஒருநாள் ஆபீஸ் வேலையாக எறணாகுளம் போகும் படகில் அந்தோணிச் சேட்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் சரியாகி அவர் துறைமுகத்துக்குத் திரும்பி வெகுநாளாகியிருந்தது. "மோளே, ஒரு காரியம் சொல்லட்டே? எங்கட கடம் போன ஈஸ்டருக்கு முன்னயே தீர்ந்நு. சொல்லண்டான்னு ரோசி சொன்னா. லட்சுமியோட வளை பணயத்தில் கிடக்கையில் நம்ம மாத்திரம் எப்படிப் பிரியறதுன்னு" என்றார்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வயதில் தன்னைவிட அறிவாளி உலகத்தில் யாரும் இருப்பதாக ஒருத்திக்குத் தோன்றுமா? அன்று சாயங்காலம் அம்மா பரிமாற, மற்ற பத்துப் பேரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது போட்டு உடைத்தேன். "சேச்சியோட கடன் ஈஸ்டருக்கு முந்தியே தீந்தாச்சு. அம்மாவோட வளை கடுகு டப்பால இருக்கு. ரெண்டு பேரும் யாரை ஏமாத்தறீங்க?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். சேச்சி அவளைப் பார்த்து, "எடி கள்ளி" என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் நோம்பு, விரதம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அப்பாவும் சேட்டனும் போய் ஒரு கூடை மீன் வாங்கி வந்தார்கள். அதுதான் நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு என்று யாருக்கும் தெரியவில்லை.

கடன் இருந்தவரை அது சிக்கனம். கடன் தீர்ந்த பிறகு அது அடுத்தவர் வீட்டில் சாப்பிடுவது. "சேச்சிக்கு எத்தனை நாள்தான் தொந்தரவு குடுக்கறது" என்றாள் அம்மா. "லட்சுமிக்கும் சொந்தம் அடுக்களை வேண்டே" என்றார் சேச்சி. தொடரலாம் என்று இருவரில் ஒருவர் முதலில் சொல்லியிருந்தால் போதும். இருவருக்கும் ரோஷம். திங்கட்கிழமை எங்கள் வீட்டில் தனியாக அடுப்பு எரிந்தது. அம்மா சாம்பார் வைத்தாள். அப்பா ஒரே ஒரு தடவை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசித் தம்பி என்னை முறைத்துப் பார்த்தான். இன்றைக்கு நினைத்தாலும் அந்த முறைப்பு சரிதான் என்று படுகிறது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் பழைய பாத்திரக்காரர் திரும்ப வந்தார். தராசுச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. இந்தத் தடவை அம்மா எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வளையல்களோடு நான் கல்யாணமாகி ஆலுவாவுக்கு வந்தேன். சேச்சி குடும்பம் பிள்ளைகளோடு எங்கெங்கோ போயிற்று. அறுப்பு மில் இல்லை, சுக்கு மண்டி இல்லை, சந்துக்குள் கூடையோடு வரும் மீன்காரி இல்லை. எங்கள் இரண்டு பாதி வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்க ஒரே வீடாக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரை இடிக்க வேண்டிய காலம் வேறு.

கடையில் நான் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பையன், "எடுக்கட்டே மேடம்?" என்றான்.

"இதுல எத்தனை பேருக்குச் சோறு வெக்கலாம்?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. "ஐயோ, சோறு ஆரும் வெக்கில்ல மேடம். வெள்ளம் நிறைச்சுப் பூ இடும்" என்றான். தண்ணீரில் பூ மிதக்க விடுவார்களாம்.

வாங்காமல் வந்துவிட்டேன். நாத்தனார் மகளும் மறுநாள் ரயிலேறிவிட்டாள். வீட்டில் இப்போது நானும் அவரும்தான். யாருக்கும் ஒரு பைசா கடன் இல்லை. குக்கரில் அரை டம்ளர் அரிசி போடுகிறேன், அதிலும் மிச்சம் விழுகிறது.